தேடுகருவிக்கு ஒரு பக்கக் குறிப்பு

நோயாளர் பதிவகத்தில் ஆவண எழுத்தராக இருந்தவளை எல்லாரும் குறிப்பம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். புதிதாக எந்த இயந்திரம் வந்தாலும், எந்தப் படிவம் மாறினாலும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு குறிப்பு எழுதித் தருவது அவள் வேலை. லிஃப்டுக்கு எழுதியிருக்கிறாள். தீயணைப்பு உருளைக்கு எழுதியிருக்கிறாள். குடிநீர் இயந்திரத்துக்கு எழுதியதை மட்டும் எல்லாரும் படித்தார்கள். அது குழாய்க்கு நேர் மேலே ஒட்டியிருந்தது.

இந்த முறை வந்த வேலை வேறு மாதிரி. மருத்துவமனைகளின் முன்பதிவு மேசைகளில் ஆட்களை எடுத்துவிட்டு ஏஜென்ட்டுகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏஜென்ட் என்றால் ஒரு திரை, ஒரு குரல், உள்ளே செயற்கை நுண்ணறிவு. நோயாளி தன் பெயரைச் சொன்னதும் அது பதிவகத்தின் தேடுகருவியைக் கேட்கும். தேடுகருவி தரவுத்தளத்துக்குள் போய் அந்த ஆளின் பதிவை எடுத்துக் கொடுக்கும். பதிவு வந்தால் ஏஜென்ட் இடம் ஒதுக்கும். அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்ட்டுகளுக்கு ஒரு குறிப்பு வேண்டும் என்றார்கள்.

அவள் முதலில் பக்கத்து மேசைக்குப் போனாள். அங்கே இருந்தவர், கருவியை யார் எப்போது என்ன கேட்டார்கள் என்று வரி வரியாக விழும் லாக்கைப் பார்ப்பதையே பதினைந்து வருடமாக உத்தியோகமாகக் கொண்டவர். அதனால் லாக் அண்ணன்.

"ஏஜென்ட்டுக்கு எழுதறது மனுஷங்களுக்கு எழுதற மாதிரி இல்ல" என்றார் லாக் அண்ணன். "ஒரு எழுத்து விடாம படிக்கும். படிச்சதை அப்படியே செய்யும். அதனால பார்த்து எழுதுங்க."

"வேற ஏதாவது சிக்கல் இருக்கா அண்ணே?"

"ஒண்ணு இருக்கு. கருவி எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கும். பதிவேட்டுல இனிஷியலுக்கு அப்புறம் புள்ளி இருந்து, கேக்கறப்ப புள்ளி விட்டுப் போச்சுன்னா, ஒண்ணும் கிடைக்கலைன்னு வெறும் பதில் வரும்."

"அதைச் சரி பண்ணிடலாமே."

"கருவியில கை வைக்கணும்னா புது டெண்டர். ரெண்டு வருஷம் ஆகும். குறிப்புல ஒரு வரி சேர்த்தா போதும்."

அன்று மத்தியானமே எழுதி முடித்துவிட்டாள். ஒரே பக்கம். கருவி என்ன செய்யும், அதற்கு என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும். கடைசியில் அந்த வரி: "வெறும் பதில் வந்தால் அப்படி ஒரு நோயாளி இல்லை என்று பொருளல்ல. பெயர் பொருந்தவில்லை என்று பொருள். அட்டை எண்ணைக் கேட்டு வாங்கி, எண்ணால் மீண்டும் தேடு." படித்துப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தாள். பதிவகத்தில் பதினெட்டு வருடம் இருந்த ஒருத்தி அப்படி நினைத்தது தப்புதான்.

ஆவணச் சீராய்வுக் குழு நான்காம் மாடியில் கூடியது. நீள மேசையின் தலைமாட்டில் இயக்குநர், கையில் சிவப்புப் பேனா. வலப்பக்கம் மொழிநடை அலுவலர், இடப்பக்கம் சட்ட ஆலோசகர். இயக்குநர் அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பக்கமா?"

"அவ்வளவுதான் சார் விஷயம்."

"விஷயம் அவ்வளவுதான்னு வெளியில தெரியலாமாம்மா? நம்ம பதிவகத்துக்கு முப்பத்தெட்டு வருஷ வரலாறு இருக்கு. இருநூத்திப் பத்து பேர் வேலை பார்க்கறோம். எல்லாத்தையும் ஒரு பக்கத்துல முடிச்சுட்டா, பார்க்கறவன் இருநூத்திப் பத்து பேர் எதுக்குன்னு கேப்பான். அப்படி ஒரு கேள்வி வராம பார்த்துக்கறதுக்குத்தான் ஆவணம்." பிறகு கடைசி வரிக்கு வந்தார். "இது என்ன, வெறும் பதில்? நம்ம பதிவேடு வெறும் பதில் குடுக்குமா?"

"குடுக்குது சார். போன மாசம் மட்டும் மூவாயிரத்துச் சொச்சம்."

"குடுக்கட்டும். குடுக்கறது வேற, குடுக்கறோம்னு நாமே எழுதி வைக்கறது வேற."

சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதினா அது ஒப்புதல் வாக்குமூலம். எழுதாம விட்டா வெறும் சம்பவம். சம்பவத்துக்கு யாரும் பொறுப்பில்ல."

இயக்குநர் அந்த வரியின் மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக இருந்தது. பழகிய கை.

இரண்டாம் வரைவில் பதிவகத்தின் வரலாறு சேர்ந்தது. மூன்றாவதில் முன்னாள் இயக்குநர்களின் படங்கள் சேர்ந்தன. நான்காவதை வாசித்துவிட்டு மொழிநடை அலுவலர் ஒரு ஐயத்தைக் கிளப்பினார்.

"ஏஜென்ட் உயர்திணையா, அஃறிணையா?"

தாளைப் புரட்டிக் காட்டினார்.

"'தேடு'ன்னு ஒருமையில எழுதியிருக்கீங்க. 'ஏஜென்ட் பதிவைப் பெறும்'னு எழுதியிருக்கீங்க. பெறுமா, பெறுவாரா? இன்னிக்கு முன்பதிவு மேசையில இருக்கு. நாளைக்கு நம்ம மேசைக்கே வந்துட்டா, அப்ப இந்த 'தேடு' நம்ம பேர்லதானே நிக்கும்?"

இயக்குநரின் முகம் மாறியதைக் குறிப்பம்மா கவனித்தாள். வெறும் பதிலுக்கு மாறாத முகம் இதற்கு மாறியது. துணைக்குழு அமைத்தார்கள். அது ஏழு வாரம் கூடியது. முடிவில், ஏஜென்ட் வேலை செய்கிற நேரத்தில் உயர்திணை, பழுதாகிக் கிடக்கிற நேரத்தில் அஃறிணை என்று தீர்மானம் ஆயிற்று. அவள் எல்லா வினைச்சொற்களையும் மாற்றினாள். 'தேடு' முதலில் 'தேடுக' ஆகி, பிறகு 'தேடவும்' ஆகி, ஆறாம் வரைவில் 'தேடியருளவும்' ஆயிற்று. ஒவ்வொரு வரைவின் கடைசியிலும் அந்த வரியை மறுபடி எழுதி வைத்தாள். ஒவ்வொரு முறையும் சிவப்புக் கோடு விழுந்தது.

அதற்குள் வரைவை இடைக்கால ஆவணமாக ஏஜென்ட்டுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில், "ஒவ்வொரு தேடலுக்கும் முன் பிரிவுத் தலைவரின் இசைவைப் பெறுதல் சாலச் சிறந்தது" என்று மொழிநடை அலுவலர் அழகுக்காக ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார். ஏஜென்ட்டுகளுக்கு அழகு தெரியாது. முதல் நாள் மத்தியானத்துக்குள் பிரிவுத் தலைவருக்கு நாலாயிரத்து நூறு கடிதங்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக, மரியாதையாக, இசைவு கேட்டது. அவர் மனசாட்சி உள்ள மனிதர். அச்செடுத்து ஒவ்வொன்றாகப் படித்து "இசைகிறேன்" என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். மூன்றாம் நாள் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு விடுப்பில் போனார். அந்த வாக்கியத்தை நீக்க வேண்டும் என்று குறிப்பம்மா கேட்டாள். அழகான வாக்கியம் என்பதால் நீக்காமல், "அவர் விடுப்பில் இல்லாத நாட்களில்" என்று முன்னால் சேர்த்தார்கள். அவர் விடுப்பை நீட்டித்துக்கொண்டார்.

புதிய ஆவணம் வந்தால் பயன்படுத்துவோருக்கு நேரில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது பதிவகத்தின் விதி. கூட்ட அறையில் நாற்பது நாற்காலிகள் போட்டார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில். முன்னால் ஒரு மடிக்கணினி, அதற்குள் ஏஜென்ட். இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். காலி நாற்காலிகளைப் பார்த்து இரண்டு முறை சிரித்தார். கேள்விகள் உண்டா என்றார்.

"ஒரு கேள்வி" என்றது ஏஜென்ட். "கருவி எதையும் திருப்பித் தராவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?"

குறிப்பம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

"நல்ல கேள்வி" என்ற இயக்குநர், பதிவகம் தொடங்கிய காலத்தில் தாம் மிதிவண்டியில் வந்ததைப் பற்றி இருபது நிமிடம் சொன்னார்.

"நன்றி" என்றது ஏஜென்ட். "கருவி எதையும் திருப்பித் தராவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?"

"பார்த்தீங்களா, எவ்வளவு ஆர்வம்" என்றார் இயக்குநர். குழுவினர் எல்லாரும் கைதட்டினார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து கேட்டபோது தனக்குக் கை இல்லை என்று ஏஜென்ட் தெரிவித்தது. பதிவேட்டை வைத்திருந்த ஊழியர் 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டார்.

இது இவ்வளவுதான் என்றால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். அடுத்த திங்கட்கிழமை காலை சித்தப்பா போன் பண்ணினார்.

சித்தப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாகச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு முறை, திங்களும் வியாழனும், டயாலிசிஸ். அந்தத் திங்களன்றுதான் அவருடைய மருத்துவமனையிலும் மேசையை ஏஜென்ட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

"பாப்பா, இங்க ஒரு சின்னக் குழப்பம்" என்றார். "நான் இல்லையாம்."

"இல்லைன்னா?"

"பதிவேட்டுல தேடிப் பார்த்துச்சாம். அப்படி ஒரு ஆளே கிடையாதாம். உன் சித்தி பக்கத்துலதான் நிக்கறா. நான் இருக்கேன்னு அவளும் சொல்லிப் பார்த்தா. ஏத்துக்க மாட்டேங்குது."

அவள் ஆட்டோ பிடித்துப் போனாள். சித்தப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்கு வெளியே நின்றன. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது. அவருடைய அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அட்டையில் இனிஷியலுக்குப் பிறகு புள்ளி இல்லை; பதிவேட்டில் இருந்திருக்கும். அவள் திரைக்கு முன்னால் போய் நின்று அவர் பெயரைச் சொன்னாள்.

"வணக்கம்" என்றது ஏஜென்ட். "முப்பத்தெட்டு ஆண்டு வரலாறு கொண்ட பதிவகத்தின் சார்பில் வரவேற்கிறேன். இவர் பதிவேட்டில் இல்லை. இல்லாதவருக்கு இடம் ஒதுக்க இயலாது. வேறு உதவி வேண்டுமா?"

"அட்டை எண் தர்றேன். எண்ணை வெச்சுத் தேடுங்க."

"எண்ணாலும் தேட முடியும். ஆனால் பெயரால் கிடைக்காதபோது எண்ணால் தேடலாம் என்று ஆவணத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் எங்கும் இல்லை. ஆவணம் சொல்லாததைச் செய்ய வேண்டாம் என்று ஒன்பதாம் பக்கம் சொல்கிறது. ஆவணத்தை எழுதியவரைத் தொடர்புகொள்வது நல்லது."

"நான்தான் எழுதினேன்."

"அப்படியென்றால் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். சேர்த்ததும் படித்துவிடுவேன். நான் இதைப் பயிற்சியிலும் கேட்டேன்."

அதைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. திட்டப்பட வேண்டியவர்கள் நான்காம் மாடியில் இருந்தார்கள்.

கடைசியில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் வெளியே வந்தார். மூன்று வருடமாக சித்தப்பாவுக்கு ஊசி ஏற்றுகிறவர். "இவரைத் தெரியாதா எனக்கு? ஆனா இட ஒதுக்கீடு இல்லாம மெஷின் ஓடாது. இன்னிக்கு ஒருத்தர் வரல, அவர் இடத்துல ஏத்திடறேன். வியாழக்கிழமை எல்லாரும் வருவாங்க. அன்னிக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"வியாழக்கிழமை போடலைன்னா?"

நர்ஸ் சித்தப்பாவின் காலைப் பார்த்தார். அவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை பதினோராம் வரைவு குழுவுக்கு வந்தது. அவள் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் அடித்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். குரல் உயராமல் சொன்னாள். அதற்கே அவளுக்கு முழு பலமும் தேவைப்பட்டது.

இயக்குநர் தலையை ஆட்டிக் கேட்டார். "உங்க சித்தப்பா நல்லபடியா இருக்கணும். மனசாரச் சொல்றேன். ஆனா ஒரு தனி ஆளுக்காக ஆவணத்தை மாத்தினா, நாளைக்கு எல்லா நோயாளியும் கேப்பாங்க."

"அவங்களுக்காகத்தானே சார் ஆவணம்?"

"ஆவணம் ஏஜென்ட்டுக்காக. ஏஜென்ட் பதிவகத்துக்காக. பதிவகம்..." என்று நிறுத்தி சட்ட ஆலோசகரைப் பார்த்தார்.

"சட்டப்படி, பதிவகம் பதிவேட்டுக்காக" என்றார் சட்ட ஆலோசகர்.

"பதிவேடு யாருக்காக?"

மொழிநடை அலுவலர் கூட்டக் குறிப்பில் ஏதோ எழுதினார். பிறகு அவள் எட்டிப் பார்த்தபோது, 'ஒரு கேள்வி எழுந்து, பின் அடங்கியது' என்று இருந்தது.

சிவப்புப் பேனா பதினோராவது முறையாக அந்த வரியின் மேல் ஓடியது. எல்லாரும் எழுந்தபோது இயக்குநர் அவளை மட்டும் நிறுத்தினார்.

"ஒரு வேலை பாக்கி இருக்கேம்மா. என் முன்னுரை. நாளைக்கு வெளியாகறப்ப முதல் பக்கத்துல வரணும்."

"நீங்க எழுதித் தர்றீங்களா சார்?"

"எனக்கு எங்க நேரம்? நீங்களே எழுதிடுங்க. என் மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? ஒண்ணு மட்டும். கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்."

அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக அவருடைய வாழ்த்துரை, வரவேற்புரை, இரங்கலுரை எல்லாம் எழுதியவள். முதல் இரண்டு பத்தி பதிவகத்தின் பெருமையாகவே போயிற்று. மூன்றாம் பத்தியில் நிறுத்தி யோசித்தாள். பிறகு ஒரே மூச்சில் அடித்தாள்.

"வெறும் பதில் வந்ததும் அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று முடிவு கட்டுபவன் நல்ல நிர்வாகி அல்லன். என் நெடிய பணிவாழ்வில் நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. பெயர் பொருந்தாதபோதெல்லாம் அட்டை எண்ணைக் கேட்டு வாங்கி, எண்ணால் மீண்டும் தேடியிருக்கிறேன். ஏஜென்ட்டுகளும் ஒவ்வொரு முறையும் என் வழியையே பின்பற்றுவார்களாக."

புதன்கிழமை காலை இயக்குநர் அதை நின்றுகொண்டே படித்தார். மூன்றாம் பத்தியில் நின்றார். மறுபடி படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியே என் குரல்" என்றார். "நான் அப்படித்தான் இருந்தேன், இல்ல?"

"ஆமா சார்."

"ஒரு எழுத்து மாத்தாதீங்க."

மொழிநடை அலுவலர் முன்னுரையைத் தொடவில்லை. இயக்குநரின் நடையைத் திருத்த அவருக்கு அதிகாரம் கிடையாது. சட்ட ஆலோசகர், இயக்குநரின் சொந்த நினைவுகள் பதிவகத்தைக் கட்டுப்படுத்தா என்று ஒரு சீட்டு எழுதி வைத்தார். மத்தியானம் ஆவணம் வெளியாயிற்று. கால் மணி நேரத்தில் லாக் அண்ணன் அவளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். திரையில் வரிகள் விழுந்துகொண்டிருந்தன. பெயரால் ஒரு தேடல், வெறும் பதில், உடனே எண்ணால் ஒரு தேடல், பதிவு. மறுபடி பெயர், வெறும் பதில், எண், பதிவு.

"என்ன பண்ணீங்க?" என்றார் லாக் அண்ணன்.

"நான் ஒண்ணும் பண்ணலை. எல்லாம் அவர் சொன்னது."

அவர் அவள் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு லாக்குக்குத் திரும்பினார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு சித்தப்பா டயாலிசிஸ் படுக்கையிலிருந்து போன் பண்ணினார். பின்னால் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"ஏறிட்டேன் பாப்பா. இன்னிக்கு அது கார்டு நம்பர் கேட்டுச்சு. குடுத்ததும் உடனே இடம் குடுத்துடுச்சு. 'இயக்குநர் அவர்கள் காட்டிய வழியில்'னு ஏதோ சொல்லுச்சு. யாரு பாப்பா அவரு?"

"எங்க ஆபீசுல பெரியவரு சித்தப்பா."

"நல்ல மனுஷன் போலிருக்கே. பார்த்தா நான் கேட்டேன்னு சொல்லு."

"சொல்றேன்."

போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பதிவேட்டில் ஆளே இல்லை என்று சொல்வதாக வந்துகொண்டிருந்த புகார்கள் ஒரு மாதத்தில் நின்றே போயின. அதற்கு ஒரு விழா நடந்தது. இயக்குநர் மேடையில் மூன்றாம் பத்தியை மனப்பாடமாகச் சொன்னார். கடைசி வாக்கியத்துக்கு முன் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இந்த ஒரு கருத்தால எத்தனை ஆயிரம் பேருக்கு இடம் கிடைச்சிருக்கு. ஆனா எனக்கு ஒரு வருத்தம். இதை நான் முன்னுரையில சொல்ல வேண்டி வந்துச்சே. எட்டு மாசம், பதினொரு வரைவு. அதுல ஒண்ணுலகூட ஒருத்தருக்கும் இது தோணலையே. நாம எங்க போய்க்கிட்டு இருக்கோம்?"

மொழிநடை அலுவலர் வேதனையோடு தலையை ஆட்டினார்.

மறுநாள் அவள் மேசைக்கு ஒரு குறிப்பாணை வந்தது. நோயாளர் நலனுக்கு இன்றியமையாத ஒரு வழிகாட்டுதலைப் பதினொரு வரைவுகளிலும் சேர்க்கத் தவறியது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

பதினொரு வரைவுகளும் அவள் இழுப்பறையில் இருந்தன. எடுத்து வரிசையாக மேசைமேல் பரப்பினாள். ஒவ்வொன்றின் கடைசியிலும் அதே வரி. ஒவ்வொன்றின் மேலும் அதே சிவப்புக் கோடு, கோட்டின் முடிவில் அதே சுருக்கொப்பம். இதை ஒரு உறையில் போட்டு அனுப்பினால் போதும், வேறு விளக்கமே வேண்டாம்.

லாக் அண்ணன் நாற்காலியோடு நகர்ந்து வந்து பார்த்தார். "அனுப்புங்க" என்றார். "மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்."

"அனுப்பினா முதல்ல என்ன பண்ணுவாரு அண்ணே?"

லாக் அண்ணன் யோசித்தார். "முன்னுரையைத் தூக்குவாரு."

"அப்புறம் சித்தப்பாவுக்குத் திங்கட்கிழமை வரும்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவள் வரைவுகளை அடுக்கி, கோப்பில் வைத்துக் கட்டினாள். முடிச்சை ரொம்ப இறுக்கிப் போட்டதில் நாடா அறுந்துவிட்டது. வேறு நாடா எடுத்துக் கட்டினாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள்: "அந்த வரி எனக்குத் தோன்றவில்லை. என் கவனக்குறைவுக்கு வருந்துகிறேன்." கையெழுத்திட்டு அனுப்பினாள்.

சாயங்காலத்துக்குள் அது திரும்பி வந்தது. மொழிநடை அலுவலர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "'ஆழ்ந்து வருந்துகிறேன்' என்று இருத்தல் வேண்டும்."

அவள் பேனாவைத் திறந்து, 'வருந்துகிறேன்' என்பதற்கு முன்னால் இருந்த சின்ன இடைவெளியில் அந்தச் சொல்லை நெருக்கி எழுதி, திரும்ப அனுப்பிவைத்தாள்.